2012 மின்வெட்டும் எங்கள் வீட்டு ஜெனரேட்டரும்

2012 கடைசியில் சென்னைக்கு 2 மணி நேரம்தான் மின்வெட்டு; ஆனைக்குட்டம் மாதிரி ஊர்களுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல். மின்சாரம் பற்றாக்குறை. வடக்கிலிருந்து வாங்கவும் போதிய மின்பாதை இல்லை. தென்மாநில மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒன்றாக இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான்.

இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறவே கரண்ட் இருக்காது. அதனால் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி, வயரை நேராக பிளக்கில் செருகினேன். திண்ணையில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

வயர்மேனாக இருந்த பழைய மாணவன் பார்த்துப் பதறினான். "டீச்சர், நான் கம்பத்துல நிக்கும்போது இந்தக் கரண்ட் லைன்ல ஏறுனா?" அன்றே சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டோம்.

ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் முதலில் அதைப் போடுங்கள். புகை விஷம், மெஷினை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.