கலாசாலைப் பிரவேசப் பரீட்சை: பெற்றோர் அறியவேண்டிய வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைசெய்து குடும்பம் நடத்தும் நம்மவர் ஒருவர், தம் புதல்வியை உடனழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை இரு கைகளாலும் நீட்டி, “ஐயா, டாக்டர் படிப்புக்கு இந்த மார்க்குப் போதுமா?” என்று வினவினார். மதிப்பெண்கள் மிக நல்லவை. ஆயினும் அப்பெண் அவ்வாண்டில் நீட் பரீட்சைக்கு விண்ணப்பம் போடவேயில்லை. போடவேண்டும் என்பதனை வீட்டில் ஒருவரும் அறியார். பட்டியலைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தந்தையாரின் முகத்தை நாம் நிமிர்ந்து பார்க்கவும் கூசினோம். அவர் காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணே பெரிதாக எண்ணப்பட்டது. அவர் அறிந்ததனை மகளுக்குச் சொன்னார். வாயில் இடம் மாறிவிட்டதனை அவருக்கு எடுத்துரைக்கும் கடமை நம் சங்கத்தாருடையதே. அக்கடமையில் நாம் தவறினோம். அப்பிழைக்குப் பிராயச்சித்தமாகவே இவ்வியாசத்தை எழுதப் புகுந்தோம்.

கலாசாலையின் வாயிற்கதவு எக்காலத்தும் ஒரே திறவுகோலால் திறக்கப்பட்டதன்று. ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறியே வந்துள்ளது. அவ்வரலாற்றை முதற்கண் சுருக்கமாகச் சொல்லுவோம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில், இலண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றி ஏற்பட்டது. அதனுட் புகுவதற்கு வைத்த பரீட்சைக்கு மெட்ரிக்குலேஷன் என்று பெயர். பெயர்ப் பதிவேட்டிற் சேர்த்தல் என்பதே அச்சொல்லின் கருத்து. ஆங்கிலத்தில் எழுதவேண்டிய அப்பரீட்சையிற் பலர் இடறி வீழ்ந்தனர். ‘மெட்ரிக்குலேஷன் தவறியவர்’ என்பதே ஊரில் ஒருவருக்கு அடைமொழியாய் நின்ற காலமும் உண்டு. அச்சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் அளித்தபோது தேறியவர் இருவரே. அவர்கள் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் ஆவர். பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களை ஏட்டினின்றும் அச்சிற் கொணர்ந்த தாமோதரம் பிள்ளையவர்களும் அவ்வாயிலைக் கடந்து சென்றவரே.

ஒரே பரீட்சையால் ஒரு பிள்ளையின் தகுதியை முடிவுகட்டுதல் தகாது என்னும் எண்ணம் பின்னர்த் தோன்றிற்று. அதன் பயனாக 1911-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வழக்கத்திற்கு வந்தது. பொதுப் பரீட்சையின் மதிப்பெண்களோடு, பள்ளியில் மாணாக்கன் பெற்ற மதிப்பெண்களும் ஒரு புத்தகத்திற் குறிக்கப்பட்டன. ஒரு நாட் பரீட்சையா, பல்லாண்டுப் பள்ளிப் பயிற்சியா என்னும் வழக்கு இன்று பிறந்ததன்று. நூறாண்டுகட்கு மேலாக நடந்துவருவது.

நிற்க. நம் புதுவையின் கதை வேறு. இங்கே பிரெஞ்சுத் துரைத்தனத்தார் 1826-ஆம் ஆண்டில் ஒரு கலாசாலையை நிறுவினர். அதுவே இன்றும் லிசே என்னும் பெயருடன் நடைபெறுகின்றது. கலவை சுப்பராய செட்டியார் என்னும் தனவான் நம் நாட்டுப் பிள்ளைகளின் பொருட்டுத் தம் பொருளைக்கொண்டு 1877-ஆம் ஆண்டில் ஒரு கலாசாலை காணச் செய்தார். அவர் பெயரால் மிஷன் வீதியில் அது இன்றும் விளங்குகின்றது. பிரெஞ்சு முறையில் ‘பக்கலோரெயா’ என்னும் பரீட்சை, நெப்போலியன் காலத்தில் 1808-இல் வகுக்கப்பட்டது. பள்ளிப் படிப்பின் முடிவும் சர்வகலாசாலையின் தொடக்கமும் அவ்வொரு பரீட்சையே. ஆகவே எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் பிள்ளை மெட்ரிக்குலேஷனுக்கும், இப்பாலுள்ள நம் பிள்ளை பிரெஞ்சுப் பரீட்சைக்கும் படித்தனர். வானூர்ப் பக்கத்து வயல்களை ஒட்டிக் கிடக்கும் நம் சேதராப்பட்டில், ஒரு வரப்பைத் தாண்டினால் பரீட்சையே மாறிவிடும்.

1954-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்திய அரசாங்கத்தார் கைக்கு வந்தது. 1962-இல் அது சட்டப்படி முற்றுப்பெற்றது. அக்காலத்துப் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு மொழியிற் பிள்ளைகளைப் பழக்கியவர்கள், இனிச் சென்னைப் பாடத்திட்டமே வழி என்று கண்டு திகைத்தனர். 1961-இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரியும் சென்னைச் சர்வகலாசாலையைச் சார்ந்தே நடந்தது. புதுவைக்கெனத் தனிச் சர்வகலாசாலை 1985-இல் ஏற்பட்டது.

இதற்கிடையே வேறொரு மாறுதலும் நேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் கலாசாலை இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட ஆணை, செண்பகம் துரைராஜன் வழக்கிற் செல்லாதென 1951-இல் உச்ச நீதிமன்றத்தாரால் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே அரசியற் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டு, கல்வியிற் பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசாங்கங்களுக்கு அளிக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விண்ணப்பத்துடன் சாதிச் சான்றிதழ் இணைப்பதற்கு வேர் அவ்விடத்தில் உள்ளது.

1978-இல் பி.யூ.சி. நீங்கி மேல்நிலைக் கல்வி புகுந்தது. 1980-இல் முதற் பிளஸ் டூப் பரீட்சை நடந்தது. 1984-இல் தமிழ்நாட்டார் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை வைத்தனர். கிராமத்துப் பிள்ளைகள் அதனால் நலிவதாகக் கண்டு, பின்னர் 2007-ஆம் ஆண்டு 3-ஆம் சட்டத்தால் அதனை நீக்கினர். அதன்பின் பத்தாண்டளவு பிளஸ் டூ மதிப்பெண்ணே அங்கு அளவுகோலாயிற்று. நம் புதுவையிலும் சென்டாக் என்னும் மாணாக்கர் சேர்க்கைக் குழுவார் வரிசைப் பட்டியல் போட்டு இடங்களை வழங்கி வருகின்றனர்.

இனி நீட் என்னும் பரீட்சைக்கு வருவோம். அது முதலில் 2013-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத்தார் அதனைத் தள்ளினர். 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பைத் தாமே மீட்டுக்கொண்டனர். அவ்வாண்டு மாநிலங்களுக்கு அவசரச் சட்டத்தால் ஓராண்டு விலக்குக் கிடைத்தது. 2017 முதல் விலக்கு இல்லாது போயிற்று. மூன்றே ஆண்டுகளில் உண்டு, இல்லை, மீண்டும் உண்டு என்று மாறிய விதியை வயலிலும் ஆலையிலும் உழைக்கும் பெற்றோர் எங்ஙனம் தொடர்ந்து அறிவர்? நம் ஊரருகேயுள்ள ஜிப்மர், 2019 வரையில் தனக்கெனத் தனிப் பரீட்சை வைத்திருந்தது. 2020 முதல் அதுவும் நீட்டுக்குள் அடங்கிற்று.

இப்பரீட்சை வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் நாட்டில் உளர். ஒரே நாட்டிற்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பது ஒருசாரார் கொள்கை. பயிற்சி நிலையத்திற்குப் பணங்கட்ட வல்லார்க்கே அது துணைசெய்யும் என்பது மறுசாரார் குறை. 2024-ஆம் ஆண்டில் வினாத்தாள் கசிந்ததென்றும் 1563 பேருக்கு அளித்த கருணை மதிப்பெண் நீக்கப்பட்டதென்றும் எழுந்த கலக்கத்தை யாவரும் அறிவர். அவ்வழக்கை அரசினரும் அறிஞரும் தீர்க்கட்டும். வழக்குத் தீருமட்டும் நம் பிள்ளைகளின் வயது நின்று காத்திராது.

ஆதலால் பெற்றோர் தெளிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, மருத்துவத்திற்குப் பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டுமே. வரிசை நீட் மதிப்பெண்ணால் அமைவது. 2025-ஆம் ஆண்டின் பரீட்சையில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். பௌதிகம் 45, இரசாயனம் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். பிழையான விடைக்கு 1 மதிப்பெண் பிடித்தம். அறியாத நான்கு வினாக்களுக்குக் கண்மூடி விடையிட்டு ஒன்று தற்செயலாய்ச் சரியானால், வருவது 4, போவது 3, மிச்சம் ஒன்றே. நான்கு விடைகளில் இரண்டைப் பிழையென விலக்கத் தெரிந்தவனுக்கோ, இரண்டு வினாக்களில் ஒன்று சரியானால் 3 மிச்சம். அரைகுறையாய் அறிந்ததற்கும் அறவே அறியாததற்கும் உள்ள இவ்வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு முன்னரே பழக்குக. பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். எம்மொழி என்பதனை விண்ணப்பத்திலேயே குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, ‘பெர்சென்டைல்’ என்பது நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்னும் கணக்கன்று. நமக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் நிற்கின்றனர் என்னும் கணக்கே அது. பொதுப் பிரிவார்க்கு 50-ஆம் பெர்சென்டைலும், பிற்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியார்க்கு 40-ஆம் பெர்சென்டைலும் தகுதியெல்லையாகும். எல்லையைக் கடந்தவர்க்கெல்லாம் இடம் உண்டென்று எண்ணி ஏமாறவேண்டா. தகுதி பெற்றவர் பல்லாயிரவர். இடங்கள் மிகச் சில.

மூன்றாவது, பரீட்சை எழுதிவிட்டால் இடம் தானே வாராது. கதிர்காமத்து இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி போன்றவற்றின் புதுவை இடங்களுக்குச் சென்டாக்கிற் பதிதல் வேண்டும். ஜிப்மருக்கும் அகில இந்திய இடங்களுக்கும் டில்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவினிடம் தனியே பதிதல் வேண்டும். ஒன்றிற் பதிந்து மற்றதனை மறந்தவர் அக்கதவைத் தாமே அடைத்தவராவர்.

நான்காவது, எல்லைக் கணக்கு. தமிழ்நாட்டில் அரசாங்கப் பள்ளியிற் பயின்றார்க்கு 2020-இல் ஏற்பட்ட ஏழரை விழுக்காடு அந்நாட்டார்க்கே உரியது. புதுவையில் அரசாங்கப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு 2023-இல் அளிக்கப்பட்டது. வரப்புக்கு அப்பாலுள்ள பள்ளியிற் பிள்ளையைச் சேர்ப்பவர், எந்தப் பட்டியலில் இடம் கேட்கப்போகின்றோம் என்பதனைச் சேர்க்கும் நாளிலேயே எண்ணுதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் எண்ணிப் பயனில்லை. குடியிருப்புச் சான்றும் சாதிச் சான்றும் பரீட்சைக்கு முன்னரே கையில் இருத்தல் நலம்.

ஐந்தாவது, நம் அரசாங்கப் பள்ளிகள் 2023-24 முதல் மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறின. மூத்த பிள்ளை படித்த புத்தகம் இளைய பிள்ளைக்கு உதவும் என்று எடுத்து வைத்திருப்போர் இதனைக் கவனிப்பாராக.

மருத்துவம் ஒன்றே கல்வியன்று. புதுவைச் சர்வகலாசாலையும் பிற மத்தியச் சர்வகலாசாலைகளும் இளநிலைச் சேர்க்கைக்கு 2022 முதல் கியூட் என்னும் பரீட்சையைக் கைக்கொண்டன. காரைக்காலில் 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஜே.ஈ.ஈ. பரீட்சை வேண்டும், 2019 முதல் அஃது ஓராண்டில் ஒருமுறைக்கு மேல் நடைபெறுகின்றது, மேலான மதிப்பெண்ணே கணக்கிற் கொள்ளப்படுகின்றது. ஆக, ஒரே பிள்ளைக்கு மூன்று கதவுகளும் மூன்று திறவுகோல்களும் உள்ளன. விண்ணப்ப காலம் பெரும்பாலும் தை, மாசி, பங்குனி மாதங்களில் வருகின்றது. பிளஸ் டூ முடிவு வெளியாகும் வைகாசிக்குள் அக்காலம் கடந்துவிடும். முன்சொன்ன தந்தையார் வந்தது அவ்வைகாசியிலேதான்.

இனி நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிறன்று, பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டி, அவ்வாண்டின் அறிவிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டுதல் வேண்டும். சென்ற ஆண்டின் விதியை இவ்வாண்டின் விதியென்று கொள்ளலாகாது. ஆதலின் அறிவிப்பையே கையில் வைத்து வாசித்தல் முறை. எழுதப் படிக்க வல்ல இளைஞர் இருவர், கணினியில் விண்ணப்பம் நிரப்ப அறியாத வீடுகளுக்கு ஒரு மாலைப்பொழுதை ஈதல் வேண்டும். கலவைச் செட்டியார் கலாசாலையே கட்டினார். அத்தகைய செல்வம் நம்மிடம் இல்லை. ஒரு மாலைப்பொழுது யாவரிடத்தும் உண்டு.

தாய்மார்களே! உங்கள் பெண்ணின் கனவைப் பரீட்சை கெடுத்தால், அடுத்த ஆண்டும் எழுதலாம். 2025 விதிப்படி நீட்டிற்கு மேல்வயது எல்லை இல்லை. பரீட்சையிற் தோற்றல் இழிவன்று. பிள்ளையின் உயிரினும் உடல்நலத்தினும் மேலான இடம் எக்கலாசாலையிலும் இல்லை. இதனை முடிவு வரும் நாளுக்கு முன்னரே வீட்டில் உரக்கச் சொல்லிவிடுங்கள்.

அத்தந்தையாரின் புதல்வி மறு ஆண்டு விண்ணப்பித்தாள். மருத்துவ இடம் கிட்டவில்லை. ஆயினும் சென்டாக் வழியே வேறொரு நல்ல படிப்பிற் சேர்ந்து தேறினாள். சென்ற பொங்கலுக்கு வந்தபோது, “ஒரு வருஷம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால்?” என்று மெல்லக் கேட்டாள். நாம் விடை கூறவில்லை. வரும் தைக் கூட்டத்திற்கு முதற் பேச்சாளராக அவளையே அழைத்திருக்கின்றோம். அன்பர்கள் திரளாக வந்து கேட்பார்களாக.