புளியந்தீவுக் கோட்டை



பழைய துறைமுகப் பட்டினம் ஒன்றைக் காணச் செல்வோர் முதலிற் கோட்டையையே நாடுவர். கோட்டை கல்லாலானது, கண்ணுக்கு எளிதில் அகப்படுவது. அதைக் கட்டியவர் யார், பிடித்தவர் யார் என்று கேட்டறிந்து திரும்பினால் பயணம் நிறைவுற்றதாகப் பலர் கொள்வர். இன்று நாம் மட்டக்களப்புக்குச் சென்று அங்குள்ள கோட்டையைக் காண்போம். ஆனால், கோட்டையோடு நின்றுவிடாமல் அதனினும் நெடுநாள் நிலைத்த வேறொரு பொருளையும் தேடிப் பார்ப்போம்.

கிழக்கிலங்கைக் கரையோரமாக, வடக்குத் தெற்காய் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. கதிரவன் எழும் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், அவன் மறையும் வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் இங்குள்ள மக்கள் வழங்குவர். இவ்விரு கரைகளுக்கும் நடுவே, வாவி நீர் சூழ அமைந்தது புளியந்தீவு. அத்தீவிலேதான் கோட்டை இருக்கிறது. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தில் வாவி கடலோடு கலக்கிறது. அங்கே 1913 ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீடு இன்றும் நிற்கிறது. எனினும் அம்முகத்துவாரம் மணல்மேடிட்டது. பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலா. வெளிக்கடலில் நங்கூரமிட்டு, தோணிகள் வழியே ஆட்களையும் பண்டங்களையும் இறக்கவேண்டும்.

இத்தகைய துறையை நாடிக் கடல் கடந்து மேலைநாட்டார் வந்ததேன்? விடை மலைநாட்டில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் மேற்குக் கரை போர்த்துக்கேயர் கைப்பட்டிருந்தது. கண்டி மன்னர்க்குக் கடலை நோக்கித் திறந்த வாயில்கள் கிழக்குக் கரையிலேயே எஞ்சின. ஆகவே 1602 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பை அடைந்து, இங்கிருந்தே மலையேறிக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டார். போர்த்துக்கேயரைத் துரத்த ஒரு துணை கிடைத்ததென மன்னன் மகிழ்ந்தான். அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட் என்பவர், தாம் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களின் மாலுமிகளை மன்னன் விருப்பத்திற்கு மாறாக விடுவித்தார். மனக்கசப்பு முற்றிற்று. 1603 ஆம் ஆண்டில் இம்மட்டக்களப்பிலேயே அவரும் அவருடன் வந்த பலரும் வெட்டுண்டு மாண்டனர்.

கண்டியின் கடல்வாயிலை அடைக்கக் கருதிய போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டுகளே அது அவர் வசமிருந்தது. 1638 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒல்லாந்தத் தளபதி ஆடம் வெஸ்டர்வோல்டின் பீரங்கிகளும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படையும் ஒருங்கே தாக்க, கோட்டை பணிந்தது. அதே மாதம் 23 ஆம் நாள் மன்னனும் தளபதியும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை செய்தனர்.

அவ்வுடன்படிக்கையின் ஒரு வாசகத்தை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றியது அது. மன்னனுக்குக் கொடுத்த போர்த்துக்கேய மொழிப் படியில், ‘மன்னன் விரும்பினால்’ என்னும் கருத்து இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியிலோ அச்சொற்கள் இல்லை! இரண்டு மூன்று சொற்களே. ஆயினும் கோட்டைகள் யாருடையவை என்னும் கேள்வி முழுவதும் அவற்றில் அடங்கியிருந்தது. மன்னன் தன் நாட்டை மீட்டதாக எண்ணினான். கம்பனியார் தமக்குக் கோட்டைகள் வாய்த்தன என்று எண்ணினர். பின்னாளில் இருதரப்பாரும் பகைவராய் மாறியதற்கு இவ்வேறுபாடு ஒரு பெருங்காரணமாயிற்று.

இவ்விடத்தில் கிழக்காசியாவின் மறுகோடிக்கு ஒருமுறை சென்று வருவோம். ஏனெனில், இதே ஒல்லாந்தக் கம்பனி அதே காலத்தில் ஜப்பானிலும் வாணிகம் செய்துகொண்டிருந்தது. 1638 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிமபாரா என்னுமிடத்தில் கிளர்ந்தெழுந்த கிறித்தவக் குடியானவர்கள் அடைந்திருந்த கோட்டைமீது, ஜப்பானிய ஆட்சியாளர் வேண்டியபடி ஒல்லாந்தக் கப்பல் குண்டு பொழிந்தது. மறு ஆண்டு போர்த்துக்கேயர் ஜப்பானுக்கு வருவதே தடுக்கப்பட்டது. ஆனால் ஒல்லாந்தர்க்கு அந்நாட்டார் கோட்டை எதனையும் கொடுக்கவில்லை. நாகசாகித் துறைமுகத்தில், போர்த்துக்கேயருக்கென விசிறி வடிவிற் செயற்கையாக அமைத்திருந்த டெஜிமா என்னும் சிறுதீவினுள் 1641 இல் அவர்களைக் குடியேற்றினர். கரைக்குச் செல்ல ஒரே பாலம், அப்பாலத்திற்குக் காவல். இருநூறாண்டுக்கு மேல் ஒல்லாந்த வணிகர் அக்கட்டுக்குள்ளேயே வாழ்ந்தனர். நாகசாகியில் தீவின் திறவுகோல் நாட்டாரிடம் இருந்தது. புளியந்தீவில் அது மெல்ல மெல்ல அந்நியரிடம் சேர்ந்தது.

1643 இல் மட்டக்களப்புக் கோட்டை கண்டி மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் 1668 இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்து அதைக் கைக்கொண்டு திருத்திக் கட்டினர். இன்று நாம் காணும் தடித்த மதிலும், நான்கு மூலைக் கொத்தளங்களும் அவர்கள் காலத்துத் தோற்றத்தையே காட்டுகின்றன. இரு பக்கம் வாவியும், இரு பக்கம் அகழியும் அரணாயின. 1795 இல் பிரித்தானியர் அதைக் கைப்பற்றினர். பின்னர் நெடுங்காலம் அரசாங்கக் கச்சேரி அதனுள்ளேயே இயங்கியது. 1920-களின் இறுதியில் புகையிரதம் வந்து சேர்ந்தபின், வெளிக்கடலில் நின்ற கரையோரக் கப்பல்களின் தேவை குறைந்தது. துறைமுகத்தின் ஆரவாரமும் அடங்கிற்று.

கோட்டையை விட்டு வெளியே வருவோம். மெதடிஸ்த மிஷன் சார்பில் 1814 இல் இவ்வூருக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் நினைவைத் தாங்கும் பழங்கல்லூரி புளியந்தீவில் உண்டு. வாவியைக் கடந்தால் கல்லடி. ஆளுநர் மனிங்கின் மனைவியார் பெயர் கொண்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலமும் இப்போது இருக்கிறது. நிலாக்காலத்தில் காற்றடங்கிய இரவில், துடுப்பின் அடிமுனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்தால், நரம்பை மீட்டினாற்போன்ற ஒலி கேட்கும் என்பர். 1848 இல் அதனைக் கேட்ட எமர்சன் ரெனன்ற் தம் நூலில் அதைப் பதிவு செய்தார். காரைதீவிற் பிறந்து யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள், அதனை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். மீனோ, சிப்பியோ, வேறெதுவோ என்னும் ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, ‘மீன்பாடும் தேனாடு’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில், கோட்டையினும் நெடுநாள் நிலைத்ததொன்றைத் தேடுவோம் என்றேனல்லவா? கல்லடியை அடுத்த கடற்கரையில் டச்பார் என்னும் குடியிருப்பு உண்டு. பெயர் ஒல்லாந்தரை நினைவூட்டும். ஆனால் அங்கு வாழும் பறங்கியர் வீட்டில் வழங்கி வந்ததோ போர்த்துக்கேயம் கலந்து திரிந்த ஒரு மொழி. தச்சுவேலை, கொல்வேலை, சப்பாத்துத் தைத்தல் ஆகிய கைத்தொழில்களால் வாழ்ந்தவர் இவர்கள். புளியந்தீவுக் கோட்டையில் போர்த்துக்கேயக் கொடி பறந்தது பத்தாண்டு மட்டுமே. ஒல்லாந்தர் ஆட்சியும் ஆங்கிலர் ஆட்சியும் மாறி மாறி வந்து போயின. அம்மொழியோ படைத்துணை இன்றி, அரசாணை இன்றி, அடுப்பங்கரையிலும் கலியாண வீட்டுக் கப்ரிஞ்ஞா ஆட்டத்திலும் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது.

நம் தமிழிலும் அதன் தடங்கள் உண்டு. நாம் இருக்கும் கதிரை, துணி வைக்கும் அலுமாரி, காலையில் உண்ணும் பாண் யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். வியப்பு யாதெனில், போர்த்துக்கேயரை அறவே விலக்கிய ஜப்பானிலும் இன்றுவரை அவ்வுணவின் பெயர் ‘பான்’ என்பதே! வாயிலை அடைத்தவர் நாட்டிலும் சொல் தங்கிவிட்டது.

ஆனால் மட்டக்களப்புப் பறங்கியரின் மொழி இன்று மெலிந்து வருகிறது. 1978 இன் சூறாவளியும், நீண்ட போரும் பலரை அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்த்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை டச்பாரை நேராகத் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டு சென்றது. எஞ்சியோரில் முதியவரே பெரும்பாலும் அம்மொழியைத் தடையின்றிப் பேசுகின்றனர். இளையோர் தமிழைத் தம் மொழியாக்கிக்கொண்டனர். அண்மையில் மொழியறிஞர் சிலர் வந்து முதியோரின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்துள்ளனர்.

நாகசாகியில் டெஜிமாவைச் சுற்றிய கடல் தூர்ந்து, தீவே மறைந்துபோயிற்று. இருந்தும் அந்நகரத்தார் பழைய படங்களை ஆராய்ந்து வீடுகளை மீள எழுப்பினர். 2017 இல் ஒரு பாலமும் அமைத்தனர். இடிந்த வீட்டை இவ்வாறு மீளக் கட்டலாம். மொழிக்கு அவ்வழி எளிதன்று. பேசுவோர் ஒருவரேனும் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகையால், நேயர்களே, மட்டக்களப்புக்குச் செல்லும் நாளில் கோட்டை மதிலைக் கண்டபின் கல்லடிப் பாலத்தையும் கடந்து செல்லுங்கள். அங்கே ஒரு தச்சர் வீட்டு முற்றத்தில் முதியவர் ஒருவர் பேசக் கேட்டால், அருகிலிருந்து சிறிது நேரம் செவி கொடுங்கள்.