கட்டியவர் பொறுப்பு எத்தனை வருஷம்?

எங்கள் கடம்பத்தூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஏரிகளுக்குத் தண்ணீர் வரும். புது வீடுகளில் தளம் ஒழுகும்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், தினமும் அரக்கோணம் லைன் ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறவர்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் இங்கே மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். பி.எஃப். பணம், வங்கிக் கடன், வீட்டுக்காரம்மாவின் நகை எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. கிரகப்பிரவேசம் முடிந்து முதல் மழையில் மேல்தளத்தில் ஓதம் இறங்கும்போது காண்டிராக்டருக்குப் போன் போடுகிறார்கள். முதல் தடவை "வந்து பார்க்கிறேன் சார்" என்பார். இரண்டாவது தடவை ஒரு ஆளை அனுப்பி, விரிசலில் சிமென்ட் பால் ஊற்றச் சொல்லுவார். மூன்றாவது தடவை போனை எடுக்க மாட்டார்.

இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. பணம் முழுவதும் கைமாறிய பிறகு வெளியே தெரியவரும் குறைக்கு யார் பொறுப்பு? எத்தனை காலத்துக்குப் பொறுப்பு? மனிதன் வெகு காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. அதன் கதையைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

முதலில் தளத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் முன்னோர் வீடுகளில் இருந்தது 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவது வழக்கம். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியிலும் பழைய வீடுகளின் தளம் இப்படித்தான். அந்த வேலை ஊர் பார்க்க நடந்தது. தட்டாமல் விட்டால் தெருவுக்கே தெரியும்.

காங்கிரீட் தளத்தில் அப்படி இல்லை. கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்தார்களா, ஜல்லியும் சிமென்டும் கணக்குப்படி சேர்ந்ததா, கலவையில் தண்ணீர் அதிகமாக ஊற்றினார்களா என்பதெல்லாம் ஒரே பகலில் முடிந்து, சென்டரிங் பலகைக்கு மேலே மறைந்துவிடும். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து கிடந்தால் யார் பார்த்தார்கள்? மழைத்தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதும் மழை வந்தால்தான் தெரியும். உள்ளே தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு உப்பிக் காங்கிரீட்டைப் பிளக்கும். அது தெரியவர ஐந்தாறு வருஷம்கூட ஆகலாம். அதனால்தான் காலக் கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

இனி சரித்திரத்துக்கு வருவோம். பாபிலோன் மன்னன் ஹம்முராபி கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் தன் சட்டங்களைக் கல்தூணில் பொறித்து வைத்தான். அந்தத் தூணை ஈரானின் சூசா நகரில் பிரெஞ்சு அகழ்வாய்வுக் குழு 1901-02 குளிர்காலத்தில் கண்டெடுத்தது. இன்று அது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீடு கட்டுபவனுக்கென்றே சில விதிகள் உண்டு. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரன் மகன் செத்தால், கட்டியவன் மகனுக்கு மரணம். இதைப் படித்துவிட்டு 'காட்டுமிராண்டிச் சட்டம்' என்று மூடிவைப்பவர்கள் அடுத்த இரண்டு விதிகளைத் தவறவிடுகிறார்கள். வீடு இடிந்து பொருள் சேதமானால், கட்டியவன் அதை ஈடுகட்டி வீட்டையும் தன் செலவில் திரும்பக் கட்ட வேண்டும். சுவர் சாய ஆரம்பித்தால் தன் பணத்திலேயே அதைச் சரிசெய்து பலப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் எங்கள் தெருவில் இன்றும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

நம் நாட்டு அர்த்தசாஸ்திரம் வேறு வழியில் போகிறது. கைவினைஞர் குறித்த நேரத்தில் வேலையை முடிக்காவிட்டால் கூலியில் கால் பங்கு குறையும், அதைப் போல இரண்டு மடங்கு அபராதம். சொன்னதற்கு மாறாகச் செய்தால் கூலியே கிடையாது, அதற்கு மேல் கூலியைப் போல இரண்டு மடங்கு அபராதம். உயிருக்கு உயிர் என்பதில்லை, கணக்குத்தான். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த முறை பிடிக்கும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளிக்காலத்தில் நெப்போலியன் என்றால் போர்களோடு சேர்த்து அவருடைய சிவில் சட்டத் தொகுப்பையும் சொல்லித் தருவார்கள். 1804-இல் வந்த அந்தத் தொகுப்பின் 1792-ஆம் பிரிவு நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது. மொத்தத் தொகை பேசிக் கட்டிய கட்டடம், கட்டுமானக் குறையால் முழுவதுமாகவோ ஒரு பகுதியோ அழிந்தால், கட்டடக் கலைஞரும் காண்டிராக்டரும் 10 வருஷத்துக்குப் பொறுப்பு. மண்ணே சரியில்லை என்றாலும் அவர்கள்தான் பொறுப்பு. 'மண் இளகல் சார், நான் என்ன செய்ய' என்று தப்பிக்க முடியாது. மண்ணைப் பார்த்துச் சொல்வதும் கட்டுபவரின் வேலை என்பது அதன் கருத்து.

பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-இல் புதுச்சேரிக்கு வந்தன. அதனால் புதுச்சேரியில் கட்டடம் கட்டித் தந்தவர் 10 வருஷப் பொறுப்புச் சட்டத்தின் நிழலில் இருந்தார். அதே காலத்தில் ஆங்கிலேயர் ஆண்ட மதராஸில் அப்படி ஒரு தனிப் பிரிவே கிடையாது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நடந்தது. பிறகு இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அங்கேயும் நீட்டிக்கப்பட்டன. விடுதலை கிடைத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அந்த 1792-ஆம் பிரிவை மட்டும் நம் ஆட்கள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைப்பதுண்டு.

பிரான்சில் அந்தப் பிரிவு மேலும் வளர்ந்தது. 1978 ஜனவரி 4-ஆம் தேதிச் சட்டம் காண்டிராக்டர்கள் 10 வருஷப் பொறுப்புக்குக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்றது. வீடு கட்டுபவரும் தனியாக ஒரு காப்பீடு எடுக்க வேண்டும். பெரிய குறை வந்தால் அந்தக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கொடுத்து வீட்டைச் சரிசெய்ய வைக்கும். யார் தப்பு என்ற வழக்கு பிறகு நிறுவனங்களுக்கிடையே நடக்கும். ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் பார்ப்போம். இங்கே அடிப்படை 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். ஒப்பந்தத்தை மீறினால் 73-ஆம் பிரிவின்படி நஷ்ட ஈடு கேட்கலாம். சிவில் கோர்ட்டுக்குப் போக மீறல் நடந்ததிலிருந்து 3 வருஷம். ஆனால் ஒப்பந்தம் என்று ஒன்று எழுதியிருக்க வேண்டுமே? நம்மவர்கள் ஒரு சதுரத்துக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

1986 டிசம்பர் 24-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடையில் வாங்கிய மிக்சி ஓடாவிட்டால் புகார் செய்யலாம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. வீடு கட்டித் தருவது 'சேவை'யா என்பதில்தான் சண்டை. லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் முழுவதும் கட்டியவருக்கு வீடு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. வேலையும் முடியாமல் கிடந்தது. 'நாங்கள் அரசு அமைப்பு, நுகர்வோர் சட்டம் எங்களைத் தொடாது' என்றது ஆணையம். 1993 நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீடு கட்டித் தருவதும் சேவைதான், அரசானாலும் தனியாரானாலும் ஒன்றுதான், மட்டமான பொருளைப் போட்டுக் கட்டுவதும் சேவைக் குறைபாடுதான் என்று சொன்னது. அதே வருஷம் ஜூன் 18 முதல் 'வீட்டுக் கட்டுமானம்' என்ற சொல்லும் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

அந்தத் தீர்ப்பில் என் போன்ற அரசு ஊழியர்களை நிமிர்ந்து உட்கார வைத்த ஒரு பகுதி உண்டு. அலைக்கழித்ததற்காக விதித்த 10,000 ரூபாயை ஆணையம் முதலில் கொடுக்க வேண்டும், பிறகு காரணமான அதிகாரிகளைக் கண்டுபிடித்து அவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மக்கள் வரிப்பணத்தில் எடுத்து ஊழியரின் தப்பை மூடக் கூடாது என்பதே காரணம். ஃபைலை மேசையில் தூங்கவிடுவதற்கும் ஒரு விலை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

2014 ஜூன் 28 மாலை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். சில நாட்களிலேயே நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் உயர்ந்த மதில் விழுந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் இறந்தவர்களில் பெரும்பாலானோர் கட்டட வேலைக்கு வந்த ஏழைகள். மட்டமான கட்டடம் வீட்டுக்காரரைத் தொடும் முன்பே கூலிக்காரரைத் தொட்டுவிடுகிறது.

2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் 14-ஆம் பிரிவு கிட்டத்தட்ட நம் பழைய பிரெஞ்சுப் பிரிவின் தம்பி. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நஷ்ட ஈடு. ஆனால் இது கட்டி விற்கும் புரமோட்டர்களுக்கான சட்டம். அதிலும் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால்தான் பதிவு கட்டாயம். சொந்த மனையில் ஒரு காண்டிராக்டரை வைத்து வீடு கட்டுகிற கடம்பத்தூர்க்காரருக்கு அந்த 5 வருஷம் கிடையாது.

அவருக்கு மிச்சம் இருப்பது நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷத்துப் புதுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் புகாருக்குக் காரணம் ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். காண்டிராக்டர் 'அடுத்த மழைக்கு முன்னால் செய்து தருகிறேன்' என்று இரண்டு மழையைக் கடத்திவிட்டால் முடிந்தது கதை.

காண்டிராக்டர் பக்கமும் பேச வேண்டும். எங்கள் தெருவில் ஒழுகிய ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தபோது, தட்டோடு வேண்டாம், செலவு மிச்சம் என்று சொன்னவர் வீட்டுக்காரரே என்று தெரிந்தது. பாதி வேலையில் மாடிப்படியை இடம் மாற்றச் சொன்னவரும் அவர்தான். சதுர அடிக்கு யார் குறைவாகச் சொல்கிறார்களோ அவரிடம் போய்விட்டு, பிறகு தரத்தைத் தேடுவது நியாயமில்லை. நாமே பொருள் வாங்கிப் போட்டுத் தினக்கூலிக்கு மேஸ்திரி வைத்தால், கட்டுபவர் நாம்தான். அங்கே பொறுப்பை இன்னொருவர் தலையில் போடுவது கடினம்.

ஹம்முராபி கல்லில் எழுதினான். நெப்போலியன் காலத்தில் புத்தகத்தில் எழுதினார்கள். நம் தனி வீட்டுக்கு அப்படி ஒரு வரியைச் சட்டம் இன்னும் எழுதித் தரவில்லை. அதனால் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். வீடு கட்டப் போகும் நண்பர்கள் ஒப்பந்தத் தாளில் இதையெல்லாம் சேர்க்கலாம்: கம்பியின் அளவும் சிமென்டின் வகையும் என்ன, தண்ணீர் தேக்குவது எத்தனை நாள், தட்டோடு யார் செலவு, வேலை முடிந்ததும் தளத்தில் ஒரு நாள் தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகே கடைசித் தவணை. அதோடு, தொகையில் ஒரு சிறு பங்கு ஒரு மழைக்காலம் கடந்த பிறகு கொடுக்கப்படும் என்றும், இத்தனை வருஷத்துக்குள் தளம் ஒழுகினால் காண்டிராக்டர் தன் செலவில் சரிசெய்வார் என்றும் ஒரு வரி.

எத்தனை வருஷம் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். பத்து கேளுங்கள், ஐந்துக்காவது வருவார். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட மறுப்பவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள். ஒழுகினால் போனில் மட்டும் சொல்லாமல், தேதி போட்டுக் கடிதமாக அனுப்புங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல்களோடு குடித்தனம் செய்தவன் சொல்கிறேன். தேதியும் கையெழுத்தும் இருக்கும் தாள்தான் கடைசியில் பேசும்.