நான்கு கம்பிகளின் பயணம்

1911-இல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியின் அடித்தளத்தில் இயற்பியல் பேராசிரியர் கொன்ராட் ஷ்லம்பர்ஜே ஒரு குளியல் தொட்டியில் மண்ணையும் கற்களையும் நிரப்பி, அதில் கம்பிகள் வழியே மின்சாரம் பாய்ச்சினார். உள்ளே புதைந்து கிடக்கும் கல், மேல்மண்ணில் மின்னழுத்தத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பது நோக்கம். அடுத்த ஆண்டே கம்பிகள் வெளியே வந்தன. நார்மண்டியில் இருந்த குடும்பத் தோட்டத்தில் அவற்றை ஊன்றி, சம மின்னழுத்தக் கோடுகளை வரைபடமாக்கினார்.

அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915-இல் அந்தக் கம்பிகளுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்: ஒரே வரிசை, சம இடைவெளி, மொத்தம் நான்கு. நான்கு எதற்கு? கம்பியும் மண்ணும் தொடும் இடத்திலேயே பெரிய மின்தடை உண்டு. மின்சாரம் செலுத்தும் கம்பியிலேயே அழுத்தத்தையும் அளந்தால், அந்தத் தடையும் கணக்கில் ஏறிவிடும். வெளியே இருக்கும் இரண்டில் செலுத்தி, உள்ளே இருக்கும் இரண்டில் அளந்தால் தொல்லை தீர்ந்தது. இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கிச் சுற்றி வரும்.

1927 செப்டம்பரில் ஃபிரான்ஸின் பெஷல்பிரான் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளேயே ஷ்லம்பர்ஜேயின் குழுவினர் மின்முனைகளை இறக்கினார்கள். மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி அளந்து, கையால் கோடு வரைந்தார்கள்.

கணினி வந்தபிறகு நான்கு, நாற்பத்தெட்டானது. கம்பிகளை நட்டு ஒரே கேபிளில் கோத்துவிட்டால், எந்த நான்கு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கருவியே மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும். குவியும் அளவுகளுக்குப் பொருந்தும் நிலத்தடி எது என்று வேகமாகக் கணக்கிடும் முறையை லோக், பார்க்கர் இருவரும் 1996-இல் வெளியிட்டார்கள். இன்று திரையில் வண்ணப் படமாக வருவது அந்தக் கணக்கின் விடைதான்.

அதே கம்பிகள் தண்ணீர் தேடிக் கொங்குத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டன. காய்ந்த சரளையில் சுத்தியலால் அடித்து இறக்கி, தொடர்பு கிடைக்க அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விரிசலில்லாத கருங்கல் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் காட்டும். தண்ணீர் ஊறிய சிதைந்த பாறை அதில் சிறு பங்குதான். ஆனால் ஈரக் களிமண்ணும் உப்புநீரும்கூடக் குறைவாகவே காட்டும். அளவு குறைந்த இடமெல்லாம் நல்ல தண்ணீர் என்று நம்பி ரிக் வண்டியைக் கூப்பிட்டால் பணம் போய்விடும். பக்கத்துக் கிணற்றில் என்ன மண், என்ன பாறை வந்தது என்று கேட்டு, படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. வரிசையின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தெரியும். ஐந்து மீட்டருக்கு ஒன்றாக 48 கம்பி நட்டால் வரிசை 235 மீட்டர். பார்வை சுமார் 150 அடி. கொங்கு நாட்டிலோ போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டுகிறது. அவ்வளவு ஆழம் பார்க்க ஒன்றரை கிலோமீட்டர் நேர்கோடு வேண்டும். அதற்கு முதலில் நாலு தோட்டக்காரர்களின் சம்மதம் வாங்க வேண்டும்.