அஜைல் திட்டமிடல்

அஜைல் திட்டமிடல் என்பது மென்பொருள் பணியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் அனுபவத்தையும் கொண்டு அடுத்ததைத் திருத்தி வகுக்கும் முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்களின் அறிக்கை இதன் அடிப்படைக் கொள்கைகளை வரையறுத்தது.

பரவலாகக் கையாளப்படும் ஸ்க்ரம் முறையில், செய்ய வேண்டிய வேலைகளை புராடக்ட் ஓனர் எனும் பொறுப்பாளர் முன்னுரிமைப்படி ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவார். ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரிண்ட் எனும் கட்டம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், குழு தன்னால் முடிக்கக்கூடியதை அப்பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேலையின் அளவை மதிப்பிடப் பல குழுக்கள் எண்கள் கொண்ட பிளானிங் போக்கர் சீட்டுகளைப் பயன்படுத்துகின்றன. ஒருவர் 3 என்றும் மற்றொருவர் 13 என்றும் காட்டினால், இருவரும் காரணம் விளக்கியபின் அனைவரும் மீண்டும் மதிப்பிடுவர். அன்றாட 15 நிமிடக் கூட்டத்தில் தடைகள் வெளிப்படும். ஸ்பிரிண்ட் இறுதியில் முடிந்த பணி திட்டத்துடன் தொடர்புடையோருக்குக் காட்டப்படும். பின்னர் குழு தன் வேலைமுறையை ஆராய்ந்து சீர்படுத்திக்கொள்ளும்.