2030: ஒரு காலக்கெடுவின் பூர்வீகம்

லண்டனைக் கடல் வெள்ளத்திலிருந்து காக்கும் தேம்ஸ் தடுப்பைப் பற்றி எழுதும் செய்தியாளர்களில் பலர் ஒரு வரியை மறக்காமல் சேர்த்துவிடுவார்கள்: அதன் ஆயுள் 2030-இல் முடிகிறது. தடுப்பை இயக்கும் சுற்றுச்சூழல் முகமையின் இன்றைய ஆவணங்களோ 2070 வரை அது பணி செய்யும் என்கின்றன. கதவுகள் மாறவில்லை, தூண்கள் மாறவில்லை. நடுவில் நாற்பது ஆண்டுகள் எப்படி முளைத்தன? பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள அரசுத் துறைகள் எப்படிச் சேர்ந்து திட்டமிடுகின்றன என்று ஆராயப் புகுந்தவனுக்கு, தடித்தடியான கொள்கை அறிக்கைகளைவிட இந்த முரண் நல்ல தொடக்கமாகப் பட்டது. அந்த 2030-ஐ முதலில் எழுதியவர்கள் யார், எதை வைத்து எழுதினார்கள்? பின்னோக்கி நடந்தேன்.

முதல் தடயம் எளிதில் கிடைத்தது. வடிவமைத்த பொறியாளர்கள் தடுப்பின் ஆயுளை எங்கும் 2030 என்று சொல்லவில்லை. எந்த ஓர் ஆண்டிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்புள்ள கடல் எழுச்சியைத் தாங்கும் தரம் என்று ஒன்றை வகுத்துக்கொண்டு, அந்தத் தரம் 2030 வரை குறையாமல் இருக்கும்படி கதவுகளின் உயரத்தை முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் தடுப்பு வேலை செய்யும். பாதுகாப்பின் தரம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல இறங்கும். பத்திரிகைகள் இந்த விளக்கத்தைக் கழித்துவிட்டு ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டன.

இரண்டாவது தடயம் அந்த ஆண்டுக்கு அடியில் இருந்த ஓர் எண்: 8 மில்லிமீட்டர். லண்டனில் உயர் ஓதத்தின் அளவு ஆண்டுக்கு 8 மி.மீ. ஏறும் என்று வடிவமைப்பில் இடம் விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு கரியமில வாயுவை வைத்துப் போட்டதல்ல. ஓத அளவுப் பதிவேடுகளில் உயர் ஓதங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மேலேறி வந்திருந்தன. பனி யுகம் முடிந்தபின் தென்கிழக்கு இங்கிலாந்தின் நிலம் மெதுவாகத் தாழ்ந்துகொண்டிருக்கிறது, கரை கட்டிக் கட்டி ஆற்றை ஒடுக்கியாயிற்று, கப்பலுக்காக அடியைத் தோண்டியாயிற்று, கடலும் ஏறுகிறது. காரணங்களைப் பிரித்துப் பார்க்காமல் கோட்டை அப்படியே எதிர்காலத்துக்குள் நீட்டினார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். காரணம் தெரியாவிட்டாலும் போக்கு தெரிகிறது, அதற்கேற்பக் கட்டு என்பது நாணயமான பொறியியல்தான். பின்னால் நடந்த ஏற்றம் அந்த 8 மி.மீ.க்குக் குறைவாகவே இருந்தது. அவர்கள் தாராளமாக விட்ட அந்த இடைவெளிதான் நாற்பது ஆண்டுகளின் பெரும்பகுதி.

புதிர் இங்கேயே தீர்ந்துவிட்டதென்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் இந்தத் தடுப்புக்குக் காரணமான வெள்ளம் வந்தது 1953-இல், தடுப்பு வேலைக்குத் தயாரானது 1982-இல். நடுவில் இருபத்தொன்பது ஆண்டுகள். பொறியியலுக்கு இவ்வளவு காலம் தேவையில்லை. அந்த ஆண்டுகள் எங்கே போயின என்று தேடத் தொடங்கியபோதுதான் என் வேட்டை திசை மாறியது.

1953 ஜனவரி 31 இரவு. வடகடலில் புயல் தள்ளிய நீர் பேரோதத்தோடு சேர்ந்துகொண்டது. மாலை ஏழு மணி வாக்கில் லிங்கன்ஷயர் கரை உடைந்தது. நீர் தெற்கே இறங்கி, தேம்ஸ் கழிமுகத்திலுள்ள கான்வி தீவை நள்ளிரவு கடந்து மூழ்கடித்தது. நடுவில் மணிக்கணக்கான அவகாசம் இருந்தும், வடக்கே நடந்ததைத் தெற்கே சொல்ல யாருக்கும் பொறுப்பில்லை. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் மட்டும் விழித்திருந்தது. இங்கிலாந்தில் இறந்தவர்கள் 307 பேர்; நெதர்லாந்தில் 1,836. லண்டன் மாநகரம் மயிரிழையில் தப்பியது. கீழே கரைகள் உடைந்து நீர் பரவியதும் அது தப்பியதற்கு ஒரு காரணம்.

விசாரிக்க அமைத்த குழுவுக்கு வேவர்லி பிரபு தலைவர். நம் வாசகர்களுக்கு அவரை வேறு பெயரில் தெரிந்திருக்கலாம்: 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் ஆளுநராக இருந்த சர் ஜான் ஆண்டர்சன். நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். குழு முதலில் கேட்டது எச்சரிக்கை அமைப்பு. அது சீக்கிரமே வந்தது. 1954-இல் வந்த இறுதி அறிக்கை தேம்ஸுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வேண்டும் என்றது. அதுதான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலே பாதி விடை சொல்லிவிடுகிறது. அங்கே கோப்புகளைப் பொருள்வாரியாக அடுக்கவில்லை. எந்தத் துறையில் பிறந்ததோ அந்தத் துறையின் குறியீட்டில் இருக்கும். வீட்டுவசதி உள்ளாட்சி அமைச்சகம் எச்.எல்.ஜி., போக்குவரத்து எம்.டி., வேளாண்மை எம்.ஏ.எஃப். தேம்ஸ் வெள்ளத்தைத் தேடுகிறவர் ஒரே சங்கதிக்காக இந்த மூன்று வரிசைகளுக்குள்ளும் மாறி மாறி நுழைய வேண்டியிருக்கிறது. நகரம் மூழ்கினால் முதல் துறையின் கவலை. கப்பல் நின்றால் இரண்டாவதின் கவலை. மூன்றாவது ஏன் வருகிறதென்றால், பிரிட்டனில் வெள்ளக் கரை என்பது வயலை வடிய வைக்கும் வேலையாகத் தொடங்கியது. மானியம் கொடுக்கும் அதிகாரம் வேளாண்மைத் துறையிடமே தங்கிவிட்டது. கடைசியில் தடுப்புச் செலவில் 75 சதவீதத்தைக் கொடுத்ததும் அந்தத் துறைதான். நாடாளுமன்றக் கட்டடத்தை நனையாமல் காக்கும் கதவுக்கு உழவுத் துறை பணம் கட்டியது. எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. அன்றைய நிதித் துறைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்குமோ!

உண்மையான முடிச்சு கப்பல். 1950-களில் தேம்ஸ் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. பொறியாளர்கள் 1958 வாக்கில் டார்ட்ஃபர்டுக்கு அருகே லாங் ரீச் என்ற இடத்தைக் காட்டி, 500 அடி அகலத்தில் இரண்டு வழிகள் விட்டு ஒரு தடுப்பை வரைந்தார்கள். துறைமுகத் தரப்புக்கு அது போதவில்லை. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. கேட்கப்பட்ட வழியின் அகலமும் ஆயிரம் அடியைத் தாண்டியது. அத்தனை அகலத்துக்கு நகரும் கதவு செய்வது அக்காலத்தில் துணிகரமான காரியம், செலவும் எகிறும். ஒரு துறை பாதுகாப்பைக் கேட்க, இன்னொன்று அகலத்தைக் கேட்க, இரண்டுக்கும் மேலே நின்று ‘இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு’ என்று சொல்லும் நாற்காலி எதுவும் இல்லை. திட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஆதரித்துக்கொண்டே ஒரு திட்டத்தைப் பத்தாண்டுக்கும் மேல் படுக்க வைக்க முடியும்.

1966-இல் வீட்டுவசதி அமைச்சகம் ஒரு வித்தியாசமான ஆளைக் கூப்பிட்டது. ஹெர்மன் பாண்டி. வியன்னாவில் பிறந்தவர், போர்க்காலத்தில் பகை நாட்டவர் என்று பிரிட்டனே அடைத்து வைத்தவர், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற நிலைமாறாக் கோட்பாட்டை ஹாயில், கோல்ட் இருவரோடு முன்வைத்த கணிதவியலாளர். வெள்ளத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாததுதான் தகுதி. எந்தத் துறையின் கோப்புக்கும் அவர் வாரிசல்ல. ஒற்றை ஆளாக விசாரித்து 1967-இல் அறிக்கை கொடுத்தார். இப்படியொரு வெள்ளம் வரும் வாய்ப்பு சிறிது. வந்தால் சேதம் நாட்டின் தலைநகரத்தையே முடக்கும். ஆகவே தடுப்பு கட்டத்தான் வேண்டும் என்பது அதன் சாரம்.

பாண்டியின் அறிக்கை முடிச்சை அவிழ்த்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு முழு உடன்பாடில்லை. அதே 1967-இல்தான், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காக 1806-இல் திறந்த ஈஸ்ட் இந்தியா டாக், ஒரு காலத்தில் சென்னைத் துணிப்பொதிகள் இறங்கிய அந்தக் கப்பல்துறை, மூடப்பட்டது. அடுத்தடுத்து செயின்ட் கேதரின், சர்ரி துறைகளும் போயின. கொள்கலன் கப்பல்கள் கடலுக்கு அருகிலிருந்த டில்பரிக்கு நகர்ந்தன. ஆற்றின் மேல்பகுதிக்குப் பெரிய கப்பலே வராது என்றானதும் அகலத்தின் மேல் நடந்த சண்டைக்கு அர்த்தம் போய்விட்டது. உல்விச் வளைவில் 61 மீட்டர் வழிகள் போதும் என்று துறைமுகமே ஒப்புக்கொண்டது. ஒருங்கிணைப்பு வென்றது என்பதைவிட, எதிர்வாதி ஊரைக் காலி செய்தான் என்பது பொருத்தம்.

இன்னொன்றும் நடந்திருந்தது. 1965-இல் பெருநகர லண்டன் மன்றம் உருவாகி, ஆற்றின் இரு கரைக்கும் சேர்த்து ஓர் அமைப்பு கிடைத்தது. 1972-இல் தேம்ஸ் தடுப்புச் சட்டம் அதன் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது. தடுப்பு முடியும்வரை கரைச்சுவர்களைத் தற்காலிகமாக உயர்த்தினார்கள். 1974-இல் தொடங்கிய கட்டுமானம் தொழிலாளர் தகராறுகளால் இழுபட்டது. 1983 பிப்ரவரியில் கதவுகள் முதன்முறையாக வெள்ளத்துக்காக எழுந்தன. 520 மீட்டர் நீளம், பத்துக் கதவுகள். பெரிய நான்கும் தலைக்கு ஏறத்தாழ 3,300 டன். வேலை இல்லாதபோது ஆற்றடியில் படுத்திருக்கும், எச்சரிக்கை வந்தால் புரண்டு எழும். 1984 மே 8-இல் அரசி முறைப்படி திறந்து வைத்தார்.

இரண்டே ஆண்டில், 1986-இல், அதைக் கட்டிய மன்றத்தையே தாட்சர் அரசு கலைத்தது. தடுப்பு தேம்ஸ் நீர் ஆணையத்துக்குப் போய், 1989-இல் தேசிய ஆறுகள் ஆணையத்துக்கு மாறி, 1996-இல் சுற்றுச்சூழல் முகமையிடம் வந்து சேர்ந்தது. மன்றத்தின் காகிதங்கள் கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அதாவது கதவு ஒரு வழியில், கதவை ஏன் இந்த உயரத்துக்குச் செய்தோம் என்ற நினைவு இன்னொரு வழியில். 2030 தன் விளக்கத்தை இழந்து வெறும் ஆண்டாகச் சுற்றத் தொடங்கியதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

2002-இல் முகமை, டெடிங்டன் முதல் ஷியர்னஸ் வரையிலான கழிமுகம் முழுவதற்கும் தேம்ஸ் கழிமுகம் 2100 என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2012-இல் அரசு ஒப்புதல் கொடுத்தது. இப்போது பருவநிலை மாற்றம் கணக்கின் நடுவில் இருந்தது. நூற்றாண்டு முடிவில் 90 செ.மீ. ஏற்றம் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மிக மோசமான நிலையில் 2.7 மீட்டர் வரை சோதித்துப் பார்த்தார்கள். இந்த ஆவணத்தில் என்னை நிறுத்திய விஷயம் அளவுகளல்ல, வேலைகளைக் கட்டிய விதம். எந்த வேலையையும் ஆண்டோடு இறுக்கிக் கட்டவில்லை. நீரின் உயரத்தோடு கட்டியிருக்கிறார்கள். இத்தனை சென்டிமீட்டர் ஏறினால் இந்தச் சுவர், இன்னும் ஏறினால் புதிய தடுப்பு. கடல்மட்டம், கரைகளின் நிலை, கதவுகளை மூடும் எண்ணிக்கை என்று பத்து அளவுகோல்களைக் கண்காணித்து, ஏற்றம் விரைந்தால் நாட்களை முன்னுக்கு இழுக்கலாம். வேலைகளின் வரிசை குலையாது.

மூடும் எண்ணிக்கை சாதாரண அளவுகோலல்ல. 2013-14 குளிர்காலத்தில் கதவுகள் 50 முறை மூடப்பட்டன. அவற்றில் 41 முறை கடலுக்காக அல்ல, மேற்கே பெய்த மழைக்காக. ஓதத்தை உள்ளே விடாமல் நிறுத்தினால் ஆற்று வெள்ளத்துக்கு இடம் கிடைக்கும். ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல் போனால் பராமரிப்புக்கு அவகாசமில்லாமல் எந்திரங்களின் நம்பகம் குறையும். ஆகவே கதவை அடிக்கடி எழுப்பாமல் இருக்க, மேல்புறச் சுவர்களை உயர்த்த வேண்டும். 2023-இல் வந்த திருத்தம் இதற்கான கெடுவை 2065-இலிருந்து 2050-க்கு இழுத்தது.

அந்தச் சுவர்கள் யாருடையவை? இங்கேதான் 1879-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்து வந்து நிற்கிறது. அதன்படி லண்டனில் ஆற்றங்கரைச் சொத்துக்காரரே தன் சுவரைக் குறித்த மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். கழிமுகம் முழுக்க 330 கி.மீ. சுவரும் கரையும், சின்னச் சின்னக் கதவுகள் நானூறு. குடியிருப்புகள், கிடங்குகள், மதுக்கடைகள் என்று ஆளுக்கொரு துண்டு. சுவர் ஒரு முகமையின் திட்டத்தில் உயர்கிறது, ஆனால் ஒவ்வொரு கட்டட அனுமதியையும் கொடுப்பது அந்தந்தப் பகுதி மன்றம். அதனால் ஆற்றோரத்துக்கான தனித் திட்டத்தை ஒவ்வொரு மன்றமும் தன் நில உபயோகக் கொள்கைக்குள் சேர்க்க வேண்டும் என்று முகமை கேட்கிறது.

நான் தேடிய நாற்பது ஆண்டுகளுக்கும் இழந்துபோன இருபத்தொன்பதுக்கும் இந்தத் திருத்தப் பதிப்பில்தான் முடிச்சு விழுகிறது. தடுப்பு 2070 வரை தாங்கும்; ஆனால் அதன்பின் என்ன என்பதை 2040-க்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. முப்பது ஆண்டுகள் இடைவெளி. கட்டுமானம் மட்டும் அவ்வளவு காலம் எடுக்காது. நிதி, சட்டம், நிலம், கப்பல் வழி, மன்றங்களின் இசைவு எல்லாம் சேர்ந்த காலம் அது. 1953-க்கும் 1982-க்கும் இடையில் போனதும் கிட்டத்தட்ட அதே அளவு. அன்று யாரும் கணக்கில் எடுக்காத நிர்வாகத் தாமதத்தை இன்று கடல்மட்டத்தைப் போல ஓர் அளவாகக் கருதி, முடிவு நாளிலிருந்து கழித்திருக்கிறார்கள். கழிமுகத் திட்டத்தின் உண்மையான புதுமை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புதிய தடுப்புக்கு 2012 திட்டம் ஆராய்ந்த இடங்களில் முன்னணியில் நிற்பது லாங் ரீச். 1958-இல் வரைந்து, கப்பலுக்கு அகலம் போதாதென்று ஒதுக்கிய அதே வளைவு. வடகரை தர்ரக் மன்றத்தின் எல்லை, தென்கரை டார்ட்ஃபர்ட். எதிர்காலப் பணிகளுக்கு நிலத்தைக் காலியாக வைத்திருங்கள் என்று திட்டம் கேட்கலாம். மனை அனுமதிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. எனவே நான் அடுத்துப் படிக்க வேண்டிய கோப்புகள் கியூவில் இல்லை. இந்த இரண்டு மன்றங்களின் திட்ட அனுமதிக் குழுக் குறிப்புகளில், கிடங்குக்கும் குடியிருப்புக்கும் ஒப்புதல் கேட்டு மாதாமாதம் வரும் விண்ணப்பங்களுக்கு நடுவே இருக்கின்றன.