ஒரு சிறு கலத்தில் ஆதி அண்டம்

நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய அதே சென்னையில், 1932 ஆம் ஆண்டு ஒரு பிரித்தானியக் குடும்பத்தில் டாம் கிப்பிள் பிறந்தார். தந்தை சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகன் பின்னாளில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார்.

1976 இல் கிப்பிள் ஒரு கேள்வி கேட்டார். அண்டம் தோன்றியபோது அளவிறந்த வெப்பம். விரிய விரிய அது குளிர்ந்தது. நீர் பனிக்கட்டியாவது போல அப்போது அதன் நிலை மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றம் எங்கும் ஒரே சீராக நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றார் அவர்.

ஏன்? கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் திருவிழாத் திடலை நினைத்துக்கொள்வோம். பெண்கள் பெரிய வட்டமாகக் கும்மிக்கு நிற்கிறார்கள். இடமாகச் சுற்றுவதா, வலமாகச் சுற்றுவதா என்று யாரும் சொல்லவில்லை. மேளம் திடீரென்று முழங்கியதும் கோயிலருகே நிற்பவர்கள் ஒரு பக்கம் திரும்புவார்கள். கோடியில் நிற்பவர்கள் மறுபக்கம் திரும்புவார்கள். இரு கூட்டமும் எதிர்ப்படும் இடத்தில் முட்டல்தான்! மேளம் மெதுவாகத் தொடங்கினால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சுற்றுவார்கள், முட்டலும் குறையும். அண்டத்திலும் ஒளியை மிஞ்சிய வேகத்தில் செய்தி போக முடியாது. ஆகவே ஒவ்வொரு பகுதியும் தன்போக்கில் மாறி, சேருமிடங்களில் நூல் போல் நீண்ட வடுக்கள் தங்கியிருக்கலாம்.

இதை எப்படிச் சோதிப்பது? அண்டத்தை மறுபடியும் பிறக்க வைக்க முடியுமா? 1985 இல், போலந்து நாட்டில் பிறந்த சூரெக் என்னும் அறிஞர் ஒரு வழி சொன்னார். பலூனில் அடைக்கும் ஹீலியம் வாயுவைச் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 271 பாகைக்குக் குளிர்வித்தால், அது உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாகிறது. அந்த மாற்றத்தை விரைவாக நடத்தினால் வடுக்கள் நுண்ணிய சுழல்களாகத் தென்பட வேண்டும்.

1994 இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் சுழல்களைக் கண்டதாக அறிவித்தார்கள். பிறகு கருவியைத் திருத்திச் சோதித்தபோது ஒரு சுழலும் இல்லை! முன்பு கண்டவை திரவம் கலங்கியதால் வந்தவை என்று 1998 இல் அவர்களே எழுதினார்கள். எழுதிய விடையை அடித்துத் திருத்தக் கூசும் பிள்ளைகளுக்கு நாங்கள் இதைத்தான் எடுத்துச் சொல்வோம்.

இதற்கிடையே 1996 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் ஹீலியம்-3 என்னும் அரிய வகையைச் சோதித்தார்கள். நியூட்ரான் துகளொன்று அத்திரவத்தில் ஒரு சிறு புள்ளியைச் சூடாக்கும்; கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகச் சிறு நேரத்தில் அது ஆறிவிடும். ஆறிய இடத்தில் சுழல்கள் இருந்தன. கணக்கோடும் ஏறக்குறைய ஒத்துப் போயின. ஒரு வகை ஹீலியம் ஆம் என்கிறது, மற்றது இல்லை என்கிறது!

வானத்தில் அந்த நூல்களை இதுவரை யாரும் கண்டதில்லை. கிப்பிள் மறைந்த 2016 ஆம் ஆண்டிலும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள், இன்றும் தேடுகிறார்கள்.